நாலு நிமிடக் கடல்

என் அண்ணி எடுத்ததிலேயே அழகான படம், ஒரு மனிதரின் லைசென்ஸைப் பறிக்கப் பார்த்தது.

அந்தப் படத்தைக் கதவளவு பெரிதாக்கி, படகுக் கம்பெனியின் டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்சுவரில் மாட்டியிருந்தார்கள். கீழ்ப்பாதி முழுக்கக் கடல். ஆனால் கடல் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. ஆறவைத்த பால் மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் கிடக்கும். அலைத்தடுப்புக் கற்களைச் சுற்றி மட்டும் மெல்லிய வெள்ளைப் புகை. மேலே விடியப்போகிற வானம். மூலையில் அண்ணி தன் கையெழுத்தில் தேதியும் நேரமும் எழுதியிருந்தார்: காலை 6.40. எடுக்கிற எல்லாப் படத்திலும் அப்படி எழுதுவார். எழுதாவிட்டால் அவருக்குக் கை அரிக்கும்.

அதே நாள் காலை 6.55க்கு, அந்தக் கற்களிலிருந்து கூப்பிடு தூரத்தில், முதல் பயணிகள் படகு துறைச் சுவரில் மோதியது. ஒரு பயணிக்குத் தோள் எலும்பு உடைந்தது. படகை ஓட்டியவருக்கு நிதானம் என்று பேர். பதினெட்டு வருடமாக ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரிடமும் "நிதானம், நிதானம்" என்று சொல்லிச் சொல்லி அதுவே ஒட்டிக்கொண்டது. துறைக்குள் நுழையும்போது கடல் படகைத் தூக்கி அடித்தது என்றார் அவர். கடல் அமைதியாக இருந்தது, ஓட்டியவரின் கவனக்குறைவு என்றது கம்பெனி. அன்று காற்று இல்லை. வானிலைக் குறிப்பில் 'தெளிவு' என்று போட்டிருந்தது. துறையில் இருந்த கேமரா ஒரு மாதமாகப் பழுது. பயணிகளில் பாதிப் பேர் அரைத்தூக்கத்தில் இருந்தார்கள், மீதிப் பேர் ஆளுக்கொன்று சொன்னார்கள். நிதானத்தின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை முடிந்ததும் ரத்து செய்வதா திருப்பித் தருவதா என்று முடிவெடுப்போம் என்றார்கள். நாலு மாதம் இழுத்தது. ஒருநாள் கம்பெனியின் வக்கீல் கவுன்ட்டரில் ஏதோ வேலையாக நின்றிருந்தபோது நிமிர்ந்து பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலமே படத்தைக் கழற்றி, பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள்.

அந்தக் கவுன்ட்டரில் டிக்கெட் கொடுப்பவர் என் அண்ணன். படத்தை மாட்டும்படி கம்பெனியிடம் சிபாரிசு செய்ததும் அவர்தான்.

அப்போது நான் ஊருக்குத் திரும்பி வந்து மூன்று வாரம். அண்ணன் வீட்டு மாடியறையில், பெட்டியை முழுக்கப் பிரிக்காமலே இருந்தேன். கீழே அண்ணியின் ஸ்டூடியோ. பத்தடிக்கு எட்டடி. வெள்ளைத்துணி, சுழல் முக்காலி, இரண்டு விளக்கு, கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே சங்கிலி போட்டுக் கட்டிய சீப்பு. சங்கிலி எதற்கு என்று கேட்டேன். "பதினொரு சீப்பு போச்சு. போட்டோ பிடிக்க வர்றவங்க யோக்கியமான மூஞ்சியோடதான் வருவாங்க, போகும்போது பார்த்தா சீப்பு இருக்காது" என்றார். அரசு அடையாள அட்டைகளுக்குப் படம் எடுக்க அனுமதி பெற்ற கடைகளின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அந்தச் சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது: எடுத்த படத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்பது அதன் முதல் நிபந்தனை. யாராவது மருவை எடுத்துவிடச் சொன்னால் அந்தச் சட்டத்தைக் காட்டுவார். "அது உங்களுது. கூட்டிட்டுப் போங்க."

விடியற்காலையில் மட்டும் அவர் வேறு ஆள். ஸ்டாண்டையும் கேமராவையும் தோளில் போட்டுக்கொண்டு அலைத்தடுப்புக்குப் போவார். லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, வெளிச்சம் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும்படி செய்து, ஷட்டரை நிமிடக் கணக்கில் திறந்து வைத்திருப்பார். எத்தனை நொடி என்று கேமராவே சொல்லும். அண்ணி அதை நம்பாமல் வாய்க்குள் எண்ணுவார். நாலு நிமிடம் என்றால் இருநூற்று நாற்பது. நடுவில் யார் பேசினாலும் பதில் வராது. "கல்யாணமான புதுசுல என்னைப் பார்த்து உதடு அசையும்" என்பார் அண்ணன். "எனக்காகத்தான் ஏதோ வேண்டிக்கிறாள்னு நினைச்சு ரெண்டு வருஷம் நல்லவனா இருந்தேன்."

விசாரணைக்கு வரச்சொல்லி அண்ணிக்குக் கடிதம் வந்த நாளில் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. இன்னும் ஒன்பது நாள்.

கடிதத்துக்குப் பின்னாலேயே நிதானத்தின் மனைவி வந்தார். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். டெய்லர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"ஏம்மா, உன் படத்துல கடல் தூங்குது. என் வீட்டுக்காரர் நாலு மாசமா தூங்கல. என்ன செய்யப்போறே?"

"அக்கா, அது நாலு நிமிஷம் திறந்து வச்சு எடுத்தது. எப்படிப்பட்ட கடலா இருந்தாலும் அப்படித்தான் விழும். அன்னிக்குக் கடல் நல்லாவே எழும்பிச்சு. ஸ்டாண்டு காலுக்குக் கல்லு கட்டித்தான் நிக்க வச்சேன்."

"அதை நீ சொல்றே. படம் வேற சொல்லுதே!"

அண்ணி கம்ப்யூட்டரைத் திறந்தார். கறுப்புக் கண்ணாடியை மாட்டுவதற்கு முன்னால், கோணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் எப்போதும் ஒரு படம் எடுப்பார். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அன்றைக்கு எடுத்த அந்த வெள்ளோட்டப் படம் இருந்தது. அதில் கல்லில் மோதிய நீர் மலைபோல் எழுந்து, உடைந்த கண்ணாடித் துண்டுகளாக வானத்தில் நின்றது. ஒவ்வொரு துளிக்கும் விளிம்பு இருந்தது. தொட்டால் கை கிழியும் என்று தோன்றியது.

டெய்லர் அக்கா நெஞ்சில் கை வைத்தார். "இதைக் காட்டு! இது ஒண்ணு போதும். புயல் மாதிரி இருக்கே!"

"அதான் அக்கா பிரச்சினை."

"என்ன பிரச்சினை?"

"இந்தக் கல்லுல எப்ப வேணாலும் இப்படி எடுக்கலாம். நேத்து எடுத்ததைப் பாருங்க."

முந்தைய நாள் படத்தைத் திறந்தார். முந்தைய நாள் காலையில் நானும் கூடப் போயிருந்தேன். கடல் ஒரு நாய்க்குட்டி மாதிரி கிடந்தது. படத்தில் அதே மலை, அதே கண்ணாடித் துண்டுகள்.

"வக்கீல் ஒரு போட்டோக்காரரைக் கூட்டிட்டுப் போய் மறுநாளே இதே மாதிரி ஒண்ணு எடுத்துட்டு வந்து மேஜையில போடுவார். அப்புறம் நான் சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க."

"அவர் எடுக்கட்டும். நீ முதல்ல காட்டு. உனக்கென்ன, படத்துக்குப் பாராட்டு வாங்கியாச்சு. லைசென்ஸ் போறது எங்க வீட்டுல." அளவு நாடாவை உருவிக் கையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். வாசலில் நின்று திரும்பி, "நேர்மை எல்லாம் அலமாரியில வச்சுப் பூட்டிக்கோ" என்றார்.

அண்ணி முக்காலியில் உட்கார்ந்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். "ஊர்சுத்தி," என்றார் என்னிடம். நான் வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து அவர் எனக்கு வைத்திருக்கும் பேர். "நாளைக்குக் காலைல சீக்கிரம் எழுந்திருக்க முடியுமா? இல்ல, மகாராணிக்கு ஒன்பது மணிக்குத்தான் விடியுமா?"

"எதுக்கு அண்ணி?"

"ஒரே கடலை அஞ்சு தரம் எடுக்கணும். நேரத்தைக் குறிச்சுக்க ஆள் வேணும்."

மூன்று காலை போனோம். முதல் இரண்டிலும் கடல் சும்மா கிடந்தது. ஒன்பது நாளில் இரண்டு போய்விட்டது. மூன்றாம் நாள் காற்றே இல்லாமல், தூரத்தில் எங்கோ அடித்த புயலின் மிச்சமாக, நீண்ட அலைகள் வந்தன. மேலே பார்த்தால் எண்ணெய் மாதிரி வழவழப்பு; ஆனால் மொத்தக் கடலும் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கியது. படகுத்துறையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. "அன்னிக்கும் இப்படித்தான்," என்றார் அண்ணி. "இதைவிடக் கொஞ்சம் அதிகம்."

கற்களை மட்டும் நெருக்கிப் பிடித்து, பத்து நிமிடத்துக்குள் ஐந்து படம். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் நீர் கல்லாகி நின்றது. எட்டில் ஒரு பங்கில் அதுவே சீவிய கூந்தல் மாதிரி இழை இழையாக, எந்தப் பக்கம் போகிறது என்று காட்டியது. ஒரு நொடியில் அலையின் முகடு கரைந்து, கல்லிலிருந்து வழிந்து திரும்பும் நுரையின் கோடுகள் மட்டும் மிஞ்சின. முப்பது நொடியில் கோடுகளும் போய்ப் பனிமூட்டம். நாலு நிமிடத்தில் பால். நான் நோட்டில் நேரம் எழுதிக்கொண்டிருக்க, என் செருப்பை ஓர் அலை கொண்டுபோனது. ஐந்து படத்தில் எதிலும் அந்த அலை இல்லை.

ஸ்டூடியோவில் ஐந்தையும் அச்செடுத்து மேஜையில் வரிசையாக வைத்தோம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. "போதும் அண்ணி. இதைக் காட்டினா முடிஞ்சது."

"எது முடிஞ்சது? கொந்தளிக்கிற கடலும் பாலா விழும்னு காட்டலாம். சும்மா கிடக்கிற கடலும் பாலாத்தான் விழும். அன்னிக்கு எது இருந்துச்சு? வக்கீல் அதைத்தான் கேட்பார். அலை எவ்வளவு உயரம்மான்னு கேட்டா என்ன சொல்வேன், என் இடுப்பளவுன்னா?"

"அன்னிக்கு எடுத்த மூலப்படம் இருக்கா?"

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. படத்தை முடித்ததும், சின்னதான வெள்ளோட்டப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய மூலத்தை அழித்துவிடுவது அவர் வழக்கம். பழைய கம்ப்யூட்டர், இடம் போதாது. அன்றும் மறுநாளும் கடைக்கு வந்தவர்களை நான் உட்கார வைத்து "சிரிக்காதீங்க, கன்னத்தை இறக்குங்க" என்று சமாளிக்க, அவர் உள்ளே ஒவ்வொரு டிஸ்க்காகச் சொருகித் தேடினார். கல்யாணப் படங்கள், பள்ளிக்கூடக் குழுப் படங்கள், யாரோ ஒருவரின் பூனை. ஐந்தாவது டிஸ்க்கில், 'பெருசு' என்று பேரிட்ட ஃபோல்டருக்குள் அது கிடந்தது. சுவருக்குப் பெரிதாக்க வேண்டும் என்று அண்ணன் கேட்டதால் அழிக்காமல் விட்டிருக்கிறார்.

திறந்ததும் அவர் சட்டென்று திரையை விட்டு விலகினார். நான் எட்டிப்பார்த்தேன். எல்லாம் அதே பால், அதே வானம். ஆனால் வலது ஓரத்தில், சுவரில் தொங்கிய படத்தில் வெறும் வெண்மை இருந்த இடத்தில், ஒரு மஞ்சள் கறை. யாரோ ஈரப் பெயின்ட்டை மேலும் கீழுமாகத் தடவியது போல.

"என்ன அண்ணி இது?"

"மிதவை," என்றார். "படகுக்கு வழி காட்டுற மஞ்சள் மிதவை. நாலு நிமிஷமும் ஆடிட்டே இருந்ததால இப்படி இழுபட்டுருக்கு. அசிங்கமா இருந்துச்சுன்னு துடைச்சுட்டேன். அழகுக்கு எடுக்கிற படத்துல எல்லாரும் செய்யறதுதான்."

கறையின் மேல் ஓரத்தைப் பெரிதாக்கினார். அங்கே மங்கலாகச் சிவப்புப் புள்ளிகள். தூசி என்று நினைத்து அவற்றையும் சேர்த்துத் துடைத்திருக்கிறார். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டப் புள்ளிகள் பெருகின. பத்து, இருபது, ஐம்பது. எறும்புப் புற்றைக் கலைத்துவிட்ட மாதிரி மேலும் கீழும் சிதறிக் கிடந்தன.

"மிதவை தலையில விளக்கு இருக்கு. மூணு நொடிக்கு ஒருதரம் மின்னும்" என்றார் மெதுவாக. "ஒவ்வொரு தரமும் அது எந்த உயரத்துல இருந்துச்சோ அந்த இடத்துல ஒரு புள்ளி."

மிதவைக்குப் பக்கத்தில், தண்ணீர் அளவு பார்க்கத் துறைமுகத்தார் நட்ட இரும்புத் தூண். அது அசையாதது; கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கூர்மையாக விழுந்திருந்தன. ஒரு பட்டை அரை மீட்டர். மேல் புள்ளிக்கும் கீழ்ப் புள்ளிக்கும் நடுவில் மூன்றரைப் பட்டை.

நான் கத்தினேன். "ஒண்ணே முக்கால் மீட்டர்! அண்ணி, மாட்டினார் வக்கீல்!"

அவர் சந்தோஷப்படவில்லை. சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூலத்தைக் காட்டுவதென்றால், சுவரில் மாட்டிய படத்தைத் திருத்தியது தான்தான் என்று அண்ணி அதிகாரி முன்னால் சொல்ல வேண்டும்.

விசாரணைக்கு முந்தைய நாள் சாயங்காலம், அண்ணன் வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் நின்றார்.

"மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். உங்க வீட்டம்மா நம்ம பக்கம்தானேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வீட்டுலயே அவ எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது சார்னேன்." அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. "இங்க பாரு. நேரத்தைச் சொல்லு, நாலு நிமிஷத்தைச் சொல்லு. அதோட நிறுத்து. துடைச்சேன் பூசினேன்னு நீயா போய் மாட்டிக்காத. பட்டியல்ல இருந்து பேரை எடுத்துட்டா இந்தக் கடையில யாருக்கு என்ன படம் எடுப்பே? பூனைக்கா?"

"நேரத்தை மட்டும் சொன்னா போதாதுங்க."

"போதும்னு நான் சொல்றேன். அந்த ஆளைக் காப்பாத்த நீதான் கிடைச்சியா?"

"அந்த ஆளை மாட்டிவிட்டது என் படம்தானே. அதைச் சுவர்ல மாட்டினது நீங்க."

அண்ணன் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகியிருந்தது. அண்ணி குனிந்து, நகத்தால் நெம்பி எடுத்துவிட்டார். நான் மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, துணிகளை எடுத்து, மறுபடி உள்ளேயே வைத்தேன்.

விசாரணை அறையில் நீண்ட மேஜை, ஒரே ஜன்னல். அதிகாரிக்குக் கடும் ஜலதோஷம். கேள்விக்கு ஒரு கைக்குட்டை மடிப்பு என்று மாற்றிக்கொண்டிருந்தார். சுவரில் சாய்த்து வைத்த அண்ணியின் படம் அந்த அறையிலேயே பெரிய ஜன்னல் போல் இருந்தது. நிதானம் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, முழங்காலில் இரண்டு கையும். படத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி ஐந்து அச்சுகளையும் மேஜையில் வைத்து விளக்கினார். வக்கீல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். நல்ல மனிதர்; குரலே உயர்த்தவில்லை.

"அருமையான படங்கள்மா. எனக்கு ஒரு சந்தேகம். கண் சிமிட்டுற நேரத்துல எடுத்தது ஏமாத்தும், சரி. உங்க கேமரா நாலு நிமிஷம் இமைக்காம கடலைப் பார்த்திருக்கு. யாரைவிடவும் அதிக நேரம் பார்த்த சாட்சி அதுதானே?"

"பார்த்துச்சு சார். மேல போனதையும் பார்த்துச்சு, கீழ வந்ததையும் பார்த்துச்சு. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக் கலக்கிடுச்சு. இந்தத் தெருவை இதே மாதிரி நாலு நிமிஷம் எடுத்தா ஒரு வண்டிகூட விழாது. அதுக்காகத் தெருவுல வண்டியே ஓடலைன்னு சொல்வீங்களா?"

அதிகாரி தும்மினார். அது சிரிப்பா தும்மலா என்று தெரியவில்லை.

"சரி," என்றார் வக்கீல். "அப்போ உங்க படத்தை வச்சு அன்னைக்குக் கடல் அமைதின்னும் சொல்ல முடியாது, கொந்தளிப்புன்னும் சொல்ல முடியாது. அப்படித்தானே? மிச்சம் இருக்கறது படகுக்காரரோட பேச்சு மட்டும்."

அண்ணியின் உதடு அசைவதை நான் பார்த்தேன். எண்ணுகிறார். டெய்லர் அக்கா அளவு நாடா இல்லாத வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கதவோரம் அண்ணன் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை, கம்பெனி அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்திருந்தார்.

"இந்தப் படத்தை வச்சுச் சொல்ல முடியாது சார்," என்றார் அண்ணி. "இது நான் திருத்தின படம். இதுல இருந்து ஒண்ணைத் துடைச்சிருக்கேன்."

அறை முழுக்கத் திரும்பியது. வக்கீலின் கை பேனாவைத் தேடியது.

"நீங்க அரசுப் பட்டியல்ல இருக்கிற புகைப்படக்காரர்தானே?"

"ஆமா சார்."

"மாத்தக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டவங்க."

"ஆமா. இது அடையாளப் படம் இல்லைதான். ஆனா சாட்சியா வந்துடுச்சு. துடைக்காததை எடுத்துட்டு வந்திருக்கேன்."

மூலப்படத்தைத் திரையில் போட்டார்கள். கேமராவே பதிந்த தேதி, நேரம், இருநூற்று நாற்பது நொடி. மஞ்சள் கறை. சிவப்புப் புள்ளிகள். மூன்றரைப் பட்டை, ஒண்ணே முக்கால் மீட்டர் என்று விளக்கினார் அண்ணி. துறைமுகத்தின் அளவையாளரைக் கூப்பிட்டார் அதிகாரி. ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் திரைக்கு மிக அருகில் போய்ப் பட்டைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். தூணுக்கும் மிதவைக்கும் இருந்த தூரத்தைக் கேட்டார்கள், ஐந்தடி என்றார். விளக்கு எத்தனை நொடிக்கு ஒருதரம் என்று கேட்டார்கள், மூன்று என்றார். எவ்வளவு நேரம் ஆனதோ, எனக்கு ஒரு முழு விடியல் போல் இருந்தது.

"முன்னப்பின்ன இருக்கலாம். ஒண்ணரை மீட்டருக்குக் குறையாது" என்றார் அவர். "காத்து இல்லாம இப்படி வர்ற அலைதான் துறைக்குள்ள மோசம். வெளிய தெரியாது."

வக்கீல் எழுந்து, அந்தப் புள்ளிகளையும் இந்தம்மாவே போட்டிருக்கலாமே என்றார். அளவையாளர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "மூணு நொடிக்கு ஒண்ணுன்னா நாலு நிமிஷத்துக்கு எண்பது புள்ளி வரணும். நான் எழுபத்தாறு வரைக்கும் எண்ணினேன் சார். மிச்சம் நாலு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கும். கையால போடறவங்க ரவுண்டா எண்பது போட்டிருப்பாங்க."

மதியத்துக்குப் பிறகு அதிகாரி முடிவைச் சொன்னார். படகை உள்ளே கொண்டுவராமல் வெளியே காத்திருந்திருக்கலாம் என்று நிதானத்துக்கு ஒரு எச்சரிக்கை. லைசென்ஸ் ரத்து இல்லை. கைக்குட்டைகளுக்கு நடுவிலிருந்து அந்தச் சின்ன நீல லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினார். அண்ணி படத்தைத் திருத்திய விஷயத்தைச் சம்பந்தப்பட்ட துறைக்கு எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். எழுதினார்கள். இரண்டு வாரத்தில் பட்டியலிலிருந்து அண்ணியின் பெயர் போயிற்று. சான்றிதழ் தொங்கிய ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது.

அன்று வெளியே வராந்தாவில் டெய்லர் அக்கா அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தார், அழுகைதான் வந்தது. "வாயைத் திறந்தா திட்டு மட்டும்தான் சரளமா வரும் போல" என்றார் அண்ணி. அண்ணன் அந்தக் கதவளவு படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார், யார் கேட்டார்களோ. "மேனேஜருக்கு இனிமே நான் எந்தப் பக்கம்னு சந்தேகம் இருக்காது" என்றார், யாரையும் பார்க்காமல்.

நிதானம் மட்டும் தள்ளி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் மூலப்படத்தின் அச்சு. அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா தங்கச்சி?" என்றார் அவர். "நிஜமாவே ஒண்ணே முக்கால் மீட்டரா?"

"அவர் ஒண்ணரைக்குக் குறையாதுன்னாரே அண்ணே."

"நாலு மாசமா அந்தக் கவுன்ட்டருக்குப் போய்ப் போய் உன் படத்தைப் பார்ப்பேன். முதல்ல கோபம் வந்துச்சு. அப்புறம் பார்க்கப் பார்க்க, அன்னிக்குக் கடல் இப்படித்தான் இருந்துச்சோ, நான்தான் பயந்துட்டேனோன்னு ஆயிடுச்சு. வீட்டுல சொல்லல. போன மாசம் எல்லாம், அலை அடிச்சதா நானே ஜோடிச்சுப் பேசுறேன்னுகூட நினைச்சேன்."

அண்ணி அவர் மடியிலிருந்த அச்சில் மேல் புள்ளியைக் காட்டினார்.

அவர் கறுத்த சுண்டுவிரல் நகத்தை அதன்மேல் வைத்தார். ஒன்று. பிறகு அடுத்தது. இரண்டு. காவலாளி வந்து வராந்தாவைப் பூட்ட வேண்டும் என்றார். டெய்லர் அக்கா கூப்பிட்டார். நிதானம் தலை நிமிரவில்லை. நாற்பதைத் தாண்டியபோது ஒருமுறை தவறவிட்டு, "நிதானம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நீலப் புத்தகம் பெஞ்சில், திறக்கப்படாமல், அவர் பக்கத்தில் கிடந்தது.